கழுவி வரும் டப்பா

கல்கண்டு இரண்டு. நேற்று சாயங்காலம் சுகந்தியின் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வைக்கும்போது கீழ்த்தட்டில் கிடந்தது. முந்தாநாள் ஓர் ஏலக்காய். அதற்கும் முன்னால் காய்ந்த திராட்சை மூன்று. பதினாலு நாளாக இந்தக் கூத்து நடக்கிறது, வெள்ளியங்கிரி ஒன்றுவிடாமல் மனசில் குறித்து வைத்திருக்கிறான். வீட்டோடு கிடக்கிற ஆம்பளைக்கு வேறென்ன ஜோலி. மணி பதினொன்றே முக்கால். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறான். பன்னிரண்டரைக்கு எதிர்த்தெருவில் மகள் ஆதிரையின் மழலைப் பள்ளி விடும், அதுவரைக்கும் இந்த முக்கால் மணி நேரம் அவனுடையது, அதாவது அந்த டப்பாவினுடையது. முதல் ஏலக்காய் வந்தபோது அவன் ஒன்றும் நினைக்கவில்லை, தக்காளிச் சாதத்தில் போட்டது ஒட்டியிருக்கும் என்று தூக்கி எறிந்தான். தயிர்ச்சாதம் கட்டிக்கொடுத்த அன்றைக்குப் பேரீச்சம்பழம் வந்தால்? தயிர்ச்சாதத்தில் எந்த மடையன் பேரீச்சம்பழம் போடுவான்? டப்பா கழுவித்தான் வரும், இந்த வீட்டுக்குக் குடிவந்த எட்டு மாசமாகவே அப்படித்தான், ஆபீஸ் குழாயில் அலசிக்கொண்டு வருகிறாள் என்றிருந்தான். சரி, அலசட்டும். தன் டப்பாவைத் தானே அலசி, தனக்குத் தானே கல்கண்டு போட்டுக்கொண்டு வருகிறவள் உலகத்தில் உண்டா? கிண்ணத்தில் குழம்பு வந்தால் வெறுங்கிண்ணத்தைத் திருப்பாதே, ஒரு துளி சர்க்கரையாவது போட்டுக் கொடு என்று கோபியில் அவன் அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அப்படியானால் இது யாரோ திருப்பித் தந்த பாத்திரம். அவன் வேர்த்து விறுவிறுத்துச் சமைத்ததை யாரோ தின்றுவிட்டு, கழுவித் துடைத்து, வெறுமனே அனுப்ப மனசு வராமல் கல்கண்டு போட்டு அனுப்புகிறார்கள். நல்ல வளர்ப்புள்ள ஆள். அதுதான் அவனுக்கு ஆகவே ஆகவில்லை, கெட்ட ஆளாயிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அவளையே கேட்டுவிடலாம்தான். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம்.

எவனோ ஒருத்தன் நாயைப் பிடித்துக்கொண்டு போகிறான். நாய்க்குக் கழுத்துப்பட்டை பளபளவென்று இருக்கிறது. போன மாசம் இதே ஆள்தான் பக்கத்தில் வந்து நின்று, "எந்த வீட்டு வண்டிங்க ஓட்டறீங்க?" என்று கேட்டான். தப்பாகக் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டான். இந்த ஏரியாவில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆம்பளை ஒன்று டிரைவராக இருக்கணும், இல்லையென்றால் ரிட்டயர் ஆனவராக இருக்கணும், அவனுக்கு முப்பத்தெட்டு வயசு, ரிட்டயர் ஆகிற முகமில்லை. "எங்க பாப்பாவைக் கூப்பிட வந்தேனுங்க" என்றான். "ஓ, சொந்த வீடுங்களா?" என்று அடுத்த கேள்வி. "வாடகைங்க" என்றான், அந்தக் கேள்வி இன்னும் அவன் கூடவே வருகிறது. ரேஸ்கோர்ஸில் குடியிருக்க இவர்களுக்கு என்ன வக்கு? கணபதியில் லேத்துப் பட்டறைகளுக்கு நடுவில் இருந்தார்கள், இரண்டு சம்பளம் வந்தது. அவன் மோட்டார் பம்பு செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர், அவள் பனியன் ஏற்றுமதி ஆபீஸில். ஆதிரையைக் காப்பகத்தில் விட்டார்கள், அதற்கு மாசத்துக்கு இரண்டு தடவை மூச்சிளைப்பு வந்தது. ஒரு நாள் மூச்சு வாங்கி உதடு நீலம் பாரித்துவிட்டது. தூசி இல்லாத இடமாகப் பாருங்க, யாராவது ஒருத்தர் வீட்டோட இருங்க என்றார் டாக்டர். அவனுடையதைவிட அவள் சம்பளம் எச்சு, அதனால் அவன் நின்றுகொண்டான். அது வரைக்கும் கணக்குச் சரி. இந்த வீட்டை அவள்தான் பிடித்தாள், அவள்தான் பேசினாள், வாடகையும் அவள் கையாலேயே போகிறது. "எவ்வளவு?" என்றால், "அதெல்லாம் சமாளிச்சுக்கலாமுங்க" என்பாள். எதிர் பிளாக்கில் வண்டி ஓட்டுகிறவர் பேச்சுவாக்கில் அங்கே என்ன வாடகை என்று சொன்னார், அந்தக் கணக்கில் சுகந்தியின் மொத்தச் சம்பளமும் அதற்கே சரியாகப் போய்விடும். அப்புறம் பாலுக்கு யார் கொடுக்கிறார்கள்? பள்ளிக்கூடத்துக்கு? ஆதிரையின் மூச்சு மருந்துக்கு? அவள் அண்ணனா? அவன் பத்து ரூபாய் கொடுத்தால் பத்து ஊருக்குத் தமுக்கடிக்கிறவன், இந்நேரம் காதுக்கு வந்திருக்கும். அப்படியானால் யார்?

யாரோ கொடுக்கிறார்கள், யாரோ தின்கிறார்கள். இரண்டும் ஒரே ஆள்தானோ என்று ஒரு எண்ணம் எழும்பும், உடனே அதன் தலையில் ஒரு போடு போட்டு உட்கார வைப்பான், அது திரும்ப எழும்பும். அவனும் வேண்டுமென்றா நினைக்கிறான்? சாட்சி எல்லாம் வரிசையில் வந்து நிற்கிறதே. குடிவந்த பத்தாம் நாளே சொன்னாள், "என்னங்க, உப்பு கொஞ்சம் குறைச்சுக்கலாமா?" சரி என்றான். பிறகு, காரம் வேண்டாம். காரம் வேண்டாமா! கல்யாணமான புதுசில் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு பழைய சோறு தின்றவள், மிளகாய்ப்பொடியை வைத்தே இட்லி இறக்குகிறவள், அவளுக்குக் காரம் வேண்டாமாம். பிறகு, கீரையை நல்லா மசிச்சிருங்க. பிறகு, கத்திரிக்காய் பிஞ்சாப் பாத்து வாங்குங்க, விதை ஆகாது. "உனக்கா ஆகாது?" என்றதற்கு, "ஆமா, வயசாகுதில்லீங்க" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பத்தஞ்சு வயசில் என்ன வயசாகிறது? கைகாரிதான். நாக்கு மாறுகிறது என்றால் ஆள் மாறுகிறாள் என்று அர்த்தம். ரவிக்கையெல்லாம் பக்கவாட்டில் பிடித்துத் தைத்திருக்கிறாள், போன வாரம் துவைத்துக் காயப்போடும்போது பார்த்தான், ஒன்றில் இரண்டு தையல். மோதிரத்தில் நூல் சுற்றியிருக்கிறாள். இளைக்கிறாள். யாருக்காக இளைக்கிறாள்? ஆனால் ராத்திரி ஏழு மணிக்கு வந்ததும் வராததுமாக அடுக்களையில் நின்றபடியே தட்டை எடுத்து, கை கழுவினாளோ இல்லையோ, அப்படித் தின்கிறாள், பார்க்கிறவனுக்கே விக்கல் வரும். இளைக்கணும் என்கிறவள் இப்படித் தின்பாளா? அங்கே அவன் யோசனை முட்டிக்கொண்டு நிற்கும், நகராது. மறுபடியும் கல்கண்டிலிருந்து ஆரம்பிக்கணும்.

அவளும் எதையோ கண்டு பயப்படுகிறாள், அது மட்டும் நிச்சயம். இங்கே குடிவருவதற்குக் கொஞ்சம் முன்னால் உடுமலையில் அவள் சித்தப்பா மகள் கல்யாணத்தில் அவள் மாமன் ஒருத்தர் பந்தியில் எதிர்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, ஊரே கேட்க, "மாப்பிள்ளை இப்பச் சமையல்ல இறங்கிட்டாராமா? அடுத்த விசேஷத்துக்குப் பாத்திரத்தோட உங்களையே சொல்லிட்டாப் போச்சுங்களா?" என்றார். இலையில் பாதிச் சோறு இருந்தது. எழுந்துவிட்டான். பஸ்ஸில் திரும்பி வரும்போது சுகந்தியிடம் கத்தினான், முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினான்: "நான் சமைக்கறேன்னு வெளியில நீ ஒரு வாய் சொன்னதாத் தெரிஞ்சுது, அன்னைக்கே அடுப்பை மூடிட்டு வேலைக்குப் போயிருவேன், குழந்தையை நீயே பாத்துக்க." அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள், மடியில் ஆதிரை தூங்கிக்கொண்டிருந்தது. வாயை விட்டுப் போன வார்த்தை. மாமன் சொன்னதில் பொய் என்ன, அவன் சமையல்காரன்தானே, சம்பளம் இல்லாத சமையல்காரன். இதில் யாருக்கும் தெரியாமல் ஒரு வெட்கக்கேடும் உண்டு: அவனுக்குச் சமையல் பிடித்திருக்கிறது. கொள்ளு வேகிற வாசனையில் காலையில் நாலு பேர் வேலைக்கு நடக்கிற நடையெல்லாம் மறந்துபோகும், அரிசியும்பருப்பும் சாதம் வெந்த குக்கரைத் திறக்கும்போது தானே சிரித்துக்கொள்வான். அந்தச் சிரிப்பை ஒருத்தருக்கும் காட்டமாட்டான். அப்படிச் சமைத்ததைத்தான் எவனோ, முகம் தெரியாத எவனோ, ருசி பார்த்து உப்பைக் குறை, காரத்தைக் குறை என்று சுகந்தி வாயால் உத்தரவு போடுகிறான்.

அதனால்தான் இன்றைக்கு அதைச் செய்தான். நினைத்தால் கை இன்னும் பிசுபிசுக்கிறது. கொள்ளுப் பருப்பு கடைந்து, வீட்டுக்கு வேண்டியதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, டப்பாவுக்கு என்று ஒதுக்கியதில் கல்லுப்பை அள்ளி ஒரு கை போட்டான். கை நிறைய. கரைகிற வரைக்கும் கிளறினான். தின்றவள் சுகந்தியானால் சாயங்காலம் வந்து சண்டை பிடிப்பாள். சண்டை பிடித்தால் அவன் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பான், சந்தோஷமாகக் கேட்பான். நல்லா இருந்துச்சுங்க என்று சொன்னாளானால் ஆள் மாட்டிக்கொண்டாள். எவ்வளவு சுலபம். திருடனுக்குப் பொறி வைத்த பெருமையோடு டப்பாவை மூடி, பையில் போட்டுக் கொடுத்து, கதவோரம் நின்றான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, ஆதிரையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு லிஃப்டுக்குள் போனாள். கதவை அவன் சாத்தவில்லை. என்றைக்கும் சாத்திவிடுவான், இன்றைக்குச் சாத்தவில்லை. அவர்கள் இருப்பது இரண்டாவது மாடி. கீழே போகவேண்டிய லிஃப்டின் சிவப்பு எண் இரண்டிலிருந்து மூன்று ஆயிற்று. நான்கு ஆயிற்று. நின்றது. அவன் மூச்சை எண்ணிக்கொண்டு நின்றான். சித்தெ நேரம் கழித்துத்தான் நான்கு, மூன்று, இரண்டு என்று இறங்கி அவனைத் தாண்டிக் கீழே போயிற்று. நான்காவது மாடியில் ஒரே வீடுதான். வீட்டு ஓனர் வரதராஜுலு நாயுடு, எழுபத்தைந்து வயசு, மனைவி போய் மூணு வருஷம், மகன் அமெரிக்காவில். காலை ஒன்பது மணிக்கு அங்கே இவளுக்கு என்ன வேலை? இன்றைக்குத் தேதி பத்தொன்பது, வாடகைத் தேதியும் இல்லை. வாடகைக்குத் தவணை கேட்கிறாளோ, தினமும் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாளோ? இல்லை... சீ. எழுபத்தைந்து வயசுக் கிழவனை வைத்து என்ன நினைப்பு இது, மனசா சாக்கடையா? பெஞ்சிலிருந்து எழுந்து, இரண்டு எட்டு நடந்து, திரும்பவும் வந்து உட்கார்ந்தான். பக்கத்துப் பெஞ்சில் ஆயாம்மா ஒருத்தி இவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

நாயுடுவை அவனுக்குத் தெரியும், வணக்கம் வைக்கிற அளவுக்கு. காலை ஆறு மணிக்கு இதே பாதையில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு மெதுவாக நடப்பார். ஒரு சாயங்காலம் கேட் வாசலில் கொய்யாக்காரரிடம் ஆதிரைக்கு வாங்கியதில் ஒன்றை மரியாதைக்கு அவரிடம் நீட்டினான், இரண்டு மாசம் இருக்கும். சிரித்தார், வாயை மூடின பிறகும் பல் வரிசை தனியாக ஒரு தரம் அசைந்து நின்றது. "வேண்டாமுங்க தம்பி. கட்டுன பல்லு, விதை மாட்டிக்கும்." பிறகு நெஞ்சைத் தட்டிக் காட்டி, "பிரஷர் வேற. நாக்கைக் கட்டியாச்சுங்க" என்றார். நல்ல மனுஷன், பாவம் என்று நினைத்துக்கொண்டு வந்தான். விதை மாட்டிக்கும். விதை. கத்திரிக்காய் பிஞ்சாப் பாத்து வாங்குங்க, விதை ஆகாது. வெள்ளியங்கிரி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கீரையை மசிச்சிருங்க. பல்லு. உப்பைக் குறைங்க. பிரஷர். குடிவந்த பத்தாம் நாள். லிஃப்டு மேலே போகிறது, டப்பா மேலே போகிறது, எட்டு மாசமாக டப்பா மேலேதான் போயிருக்கிறது, ஆபீஸுக்குப் போகவே இல்லை. அட முட்டாளே, அட எருமை மாட்டுப் பிறவியே, என்று தன்னைத்தானே வைதுகொண்டு எழுந்தான், உடனே இன்னொன்று நெஞ்சில் இடித்தது. உப்பு. இன்றைக்கு ஒரு கை கல்லுப்பு. பிரஷர் உள்ள மனுஷன், வீட்டில் வேறு ஆள் இல்லை, மணி பன்னிரண்டேகால், சாப்பிடுகிற நேரம்.

பள்ளி விடுகிற வரைக்கும் அவன் நிற்கவில்லை, வாசலில் போய் வாட்ச்மேனிடம் கெஞ்சிக் கால்மணி முன்னாலேயே பிள்ளையை வாங்கிக்கொண்டான். "அப்பா, ஏன் ஓடறே? அப்பா, தண்ணி பாட்டில் குலுங்குது" என்று ஆதிரை அவன் தோளில் குதித்துக்கொண்டே வந்தது. வெயில் தார்ரோட்டில் அலையடித்தது. கிழவர் விழுந்து கிடக்கிறார், கதவு உள்தாழ்ப்பாள், போலீஸ் வருகிறது, யார் சமைத்தது என்று கேட்கிறார்கள், நான்தான் சமைத்தேன் என்று சுகந்தி சொல்கிறாள், அவள் அப்படித்தான் சொல்வாள், அவன் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்வாள், பஸ்ஸில் கத்தினானே. கேட், படி, லிஃப்டு. நான்கு என்று அழுத்தினான், அது ஆடி அசைந்துகொண்டு ஏறிற்று. எட்டு மாசத்தில் ஒரு தரம்கூட அவன் அந்த எண்ணை அழுத்தியதில்லை.

கதவு திறந்தேதான் இருந்தது. நாயுடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைத் தொட்டியருகே நின்று டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, வாங்க. பாப்பாவும் வந்திருக்குதா!" என்றார், இவன் மூச்சிரைப்பதைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க, லிஃப்டு நின்னுபோச்சுங்களா?" என்று பதறினார்.

"நீங்க... சாப்பிட்டீங்களாங்க?"

அவர் சிரித்தார். "ஒரு வாய் வெச்சேனுங்க. உப்பை மகாலட்சுமின்னு சொல்லுவாங்க, இன்னைக்கு அவ எச்சாவே வந்துட்டா. எடுத்து வெச்சுட்டேன். எட்டு மாசத்துல ஒரு நாள் கை தவறுனா அதுக்கென்னங்க பண்றது, மெஷினா நாமெல்லாம்? மோரைக் கரைச்சுக் குடிச்சுக்குவேன்." டப்பாவைத் துணியால் துடைத்தார், கைநடுக்கத்தில் மூடி ஒரு தரம் நழுவிற்று. "வேலைக்கு வர்ற அம்மா மக பிரசவத்துக்குப் போயிருச்சுங்க, ரெண்டு வாரமா நானேதான் கழுவறேன். சுத்தமா இருக்குதுங்களா?" அலமாரியைத் திறந்து, ஒரு புட்டியிலிருந்து கல்கண்டு இரண்டை எடுத்துக் கீழ்த்தட்டில் போட்டார். ஆதிரை எட்டிப் பார்த்ததும் அதன் கையிலும் ஒன்று வைத்தார். "சோறே இறங்கலைன்னாலும் வெறும் டப்பா தரக்கூடாதுங்களே. வீட்டுல அவ இருந்திருந்தா என்னைக் கொன்னே போட்டிருப்பா."

வெள்ளியங்கிரி ஆதிரையை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அவரே பேசினார், பேச ஆள் கிடைத்த மனுஷர். நீங்க பால் காய்ச்சுன அன்னைக்குக் குடுத்துவிட்ட அரிசியும்பருப்பும் சாப்பிட்டுத்தானுங்க தம்பி, மூணு வருஷத்துல முதல்தடவை எனக்கு வயிறு நிறைஞ்சுது. மத்தியானச் சோறு உங்க கையால வந்தா வாடகையில பாதி வேண்டாமுன்னு நான்தான் சொன்னேன், அம்மிணி முதல்ல ஒத்துக்கவே இல்லை, அவரைக் கேட்டுச் சொல்றேன்னு போச்சு, மறுநாள் வந்து அவருக்குச் சம்மதம்னு சொல்லுச்சு. "நீங்க சம்மதிச்சது பெரிய மனசுங்க தம்பி. எம்மகன் எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்ததில்லை."

பாதி வாடகை. அவன் கையை அவன் குனிந்து பார்த்தான், நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது. அண்ணன் இல்லை, ஆபீஸ்காரன் இல்லை, எவனும் இல்லை. இந்த ஏரியாவில் அவன் குடும்பத்துக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்த ஆளை அவன் பதினாலு நாளாகத் தேடியிருக்கிறான். பெருமையாக வந்தது, அது வந்த வேகத்திலேயே கோபமும் வந்தது, என்னைக் கேட்காமல் என்னை விற்றாளே என்று. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று நினைத்ததும் கோபம் நுனியில் வந்து நின்றுவிட்டது. "ஆமாங்க," என்றான். "சம்மதந்தானுங்க." பிறகு, கேட்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டான்: "அவ... மத்தியானத்துக்கு அவ என்ன சாப்பிடறாளாமா?"

"நானும் கேட்டேனுங்க, உங்களுக்குச் சோறு வேணுமில்லம்மான்னு. எனக்கு வேற டப்பா கட்டித் தர்றார், இது உங்களுக்குன்னே கட்டறதுன்னு சொல்லுச்சே."

வேறு டப்பா. கீழே இறங்கி வந்து, வீட்டுக்கு எடுத்து வைத்திருந்த கொள்ளுப் பருப்பையும் சோற்றையும் குழையப் பிசைந்து ஆதிரையையும் கூட்டிக்கொண்டு மேலே போய் அவருக்குக் கொடுத்துவிட்டு வந்தான். பிள்ளைக்கு ஊட்டினான். இரட்டைத் தையல் போட்ட ரவிக்கை கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. ராத்திரி ஏழு மணிக்கு நின்றபடியே தின்கிறாளே என்று இளக்காரமாகப் பார்த்தானே, அந்தப் பார்வையை இப்போது எங்கே கொண்டுபோய்ப் போடுவது? மணி ஒன்றே கால். போன் போட்டான்.

"சொல்லுங்க. பாப்பா வந்தாச்சா?"

"வந்தாச்சு. நீ சாப்பிட்டியா?"

"இப்பத்தான் முடிச்சேன். கொள்ளுப் பருப்பு நல்லா இருந்துச்சு."

"உப்பு?"

"அளவா இருந்துச்சுங்க. ஏன் கேக்கறீங்க?"

இந்தப் பொய்யைக் கேட்கத்தான் காலையில் அத்தனை சிரத்தையாகக் கிளறினான். கேட்டுவிட்டான். அவள் பின்னால் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், மற்றவர்கள் சாப்பிட்டு எழுகிறார்கள் போலிருக்கிறது. ஆதிரை கல்கண்டை வாய்க்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டு அவனையே பார்த்தது.

"சுகந்தி," என்றான். "நாளையிலிருந்து ரெண்டு டப்பா கட்டறேன். மேல ஒண்ணு. உனக்கு ஒண்ணு."

தட்டுச் சத்தம் தள்ளிப்போயிற்று, அவள் எழுந்து ஓரமாகப் போகிறாள் போலிருக்கிறது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒரு தரம் கேட்டது. யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சின்னக் குரலில் சொன்னாள்:

"எனக்குக் காரமா வேணுங்க."